நியாயமான தொகை

"மூணு வருஷம் பட்ட பாடு, ஐயா! தூக்கம் போச்சு, முதுகு போச்சு. அரசுத் தரப்பு கேட்ட தொகையிலயும் பாதியை வெட்டச் சொல்லுது!" வக்கீல் ஹால்சியின் குரல் தழுதழுத்தது.

வாஷிங்டனில், தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் இழப்பீட்டைத் தீர்மானிக்கும் நடுவர் வின்ஸ்டெட் வாரம் தவறாமல் கேட்கும் அழுகை அது. ஹால்சியின் பக்கத்தில், ஃபுளூ ஊசிக்குப் பிறகு இடக்கையைத் தூக்க முடியாத மேரிபெத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போதும் ஹால்சி, முழுசாவே தர்றேன்," என்றார் நடுவர் அலுப்போடு.

மேரிபெத் எழுந்தாள். "எப்ப வரும் ஐயா? கைக்கு வைத்தியம் பாக்கணும்."

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வழக்கு போன மாசமே தள்ளுபடியாயிடுச்சேம்மா."

"இன்னொரு விசாரணை இருக்குன்னு வக்கீல் சொன்னாரே?"

"இது அவரோட ஃபீசுக்கு. தோத்தாலும் வக்கீலுக்கு அரசாங்கம் குடுத்துடும்."

"தோத்தாலுமா?" மேரிபெத் மெல்ல உட்கார்ந்தாள். "நானுந்தானேய்யா தோத்தேன்!"