எட்டணா கோதண்டம்

சரட்... சரட்... சரட்...

படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, யாரோ மண்ணைக் கீறுகிற சத்தம்.

கரண்ட் அப்போதுதான் போயிருந்தது. பியூலா தூங்குகிற குழந்தையைத் தோளில் வாரிப் போட்டுக்கொண்டு, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். கணவன் சுந்தர்சிங்குக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் புதிதாகப் போட்ட மனைகளில் இவர்கள் வீடுதான் கடைசி. அதற்கப்பால் முள்ளுக்காடு.

நேற்றும் இதே சத்தம். முந்தாநாளும். நாய் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் இன்றைக்கு அந்த நாய் மனுஷன் மாதிரி தும்மியது.

முன்கதவைத் திறந்துகொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

"ஆன்ட்டி! எங்க ஜன்னல் கீழே யாரோ நிக்கறாங்க ஆன்ட்டி!"

ரேணுகாம்பாள் அரிக்கேன் விளக்கோடு தெருவைத் தாண்டி வந்தாள். விளக்குக்கு முன்னால் அவள் வாய் வந்தது.

"எவன்டா அவன்? வெளியே வர்றியா, தெருவையே கூட்டவா?"

பியூலா வீட்டின் பக்கவாட்டிலிருந்து, கையில் டார்ச்சும் பிரம்புமாக ஒரு கிழவர் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார். தோளில் ஒரு துணிப்பை.

"நான்தாம்மா. கோதண்டம்."

"அட, நம்ம எட்டணா!" ரேணுகாம்பாள் விளக்கை இறக்கினாள். "பியூலா, இவரைத் தெரியாதா? இந்த மனையெல்லாம் இவர் வித்த நிலம்தான். பணம் பேங்க்குல தூங்குது. இவர் என்னடான்னா ஸ்டேஷன் வாசல், பஸ் ஸ்டாப், டீக்கடைன்னு குனிஞ்ச தலை நிமிராம, கீழே விழுந்த சில்லறையைத் தேடிக்கிட்டுத் திரியறார்."

"அது ஒரு ஹாபிம்மா." கோதண்டம் சிரித்தார். "நின்னுகினு டார்ச் அடிச்சா வெறும் மண்ணுதான் தெரியும். தரையோட தரையா அடிச்சுப் பாரு, காசு பளிச்னு கண்ணடிக்கும். அந்த சந்தோசமே தனி."

பியூலாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பஸ் ஸ்டாப்ல ஜனங்க பர்ஸைத் திறப்பாங்க, காசு விழும். சரி. என் பெட்ரூம் ஜன்னல் கீழே யாருங்க வந்து பர்ஸைத் திறக்கறாங்க?"

கிழவரின் சிரிப்பு நின்றுபோனது.

ரேணுகாம்பாளின் விளக்கு மறுபடி மேலே ஏறியது. "அதானே! வயசான காலத்துல என்ன வேலைண்ணே இது? புருஷன் இல்லாத நேரமாப் பார்த்து..."

"தப்பாப் பேசாத ரேணுகா."

"அப்போ பையைக் காட்டுங்க. எத்தனை எட்டணா பொறுக்கினீங்கன்னு பார்க்கலாம்."

அவர் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார். "வேணாம்மா. இந்தப் பொண்ணு பயந்துக்கும்."

"இதுக்கு மேல எப்படிங்க பயப்படறது?" பியூலா குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "காட்டுங்க. இல்லைன்னா நான் போலீஸுக்குப் போவேன்."

கோதண்டம் பெருமூச்சு விட்டு, பையை வாசற்படியில் கவிழ்த்தார்.

பேருக்குக்கூட ஒரு காசு இல்லை. அத்தனையும் பீடித் துண்டுகள், எரிந்த தீக்குச்சிகள்.

"அடப்பாவி மனுஷா, ஜன்னல்கிட்ட நின்னு பீடி குடிச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்த ரேணுகாம்பாள் பாதியில் நிறுத்தினாள். "அண்ணே, பீடி வாடை பட்டாலே இருமுற ஆளாச்சே நீங்க?"

"என்னுது இல்லம்மா. ஏரிக்கரைலருந்து வரச்சொல்லோ, இந்த ஜன்னல் கீழ கெடந்துச்சு. தரையப் பாத்தே நடக்கிறவன் கண்ணுல வேற இன்னா படும்? பொறுக்கிட்டேன். மறுநாளும் புதுசாக் கெடந்துச்சு. எவனோ தெனம் இங்க குந்திகினு, ஆம்பள எப்ப வெளிய போறாரு, வெளக்கு எப்ப அணையுதுன்னு பாத்துகினு இருந்திருக்கான்."

பியூலா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"அதான் பிரம்பால மண்ணைக் கீறிகினு சுத்தி வந்தேன். காசு தேட சத்தம் எதுக்கும்மா? ஆள் நடமாட்டம் கீதுன்னு அவனுக்குக் கேக்கணும்ல. நான் வந்தப்புறம் புதுசு ஒண்ணும் விழல. நாளைக்கு ஞாயித்துக்கெழம, உன் வூட்டுக்காரரு வூட்ல இருப்பாரு, அவராண்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"ராத்திரி முழுக்கவா நின்னீங்க?"

"தூக்கம் வராத கெழவன். எங்க இருந்தா இன்னா?"

ராத்திரி ராத்திரி முழங்காலில் நின்று கர்த்தரிடம் காவல் கேட்டவள் பியூலாதான். வந்த காவலைத்தான் போலீஸில் பிடித்துக் கொடுக்கப் பார்த்தாள்.

தூறல் விழ ஆரம்பித்தது. கோதண்டம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பிரம்பை எடுத்தார்.

"ரேணுகா, நீ இந்தப் பொண்ணுக்குத் துணையா உள்ள படுத்துக்க. நான் வெளிய பாத்துக்கறேன்."

"படுத்துக்கறேன்ணே. நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க."

"உன் வாய நான் இன்னிக்கா பாக்கிறேன்? போ, போ."

"ஐயா," என்றாள் பியூலா. "நீங்களும் உள்ளே வாங்க."

"எனக்கு எதுக்கும்மா? காலெல்லாம் சேறு."

அவள் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். ஹாலில் இருந்த ஒரே சாய்வு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் தயங்கித் தயங்கிக் காலைக் கழுவிக்கொண்டு வரும்வரை வாசலை விட்டு நகரவே இல்லை.

யார் உள்ளே வந்துவிடுவாரோ என்று இத்தனை ராத்திரி நடுங்கினாளோ, அவர் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் பியூலா கதவைத் தாழிட்டாள்.