பூட்டாத வீடு

ஒரு கால் வாசலுக்கு வெளியே, ஒரு கால் உள்ளே. தோளில் துணிப்பை, கையில் பூட்டு. அந்த நேரம் பார்த்துத்தானா லைன் முனையில் ஃபைலும் கையுமாக அந்த ஆள் நுழைய வேண்டும்? ஜெயசீலி வெளியே வைத்த காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, கணக்கெடுக்க வந்துட்டாங்க போலகீது," என்றாள் எதிர்வீட்டைப் பார்த்து.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த வெங்கடம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "நல்ல வேள நீ கெளம்பல. பூட்டிகினு போயிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

என்ன ஆகியிருக்கும் என்று அந்த லைனில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தங்கச் சுரங்கத்து ஆட்களுக்கென்று வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய வரிசை வீடுகள் அவை. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகியும் வீடுகள் இன்னும் கம்பெனி பேரில்தான் இருந்தன. குடியிருக்கிறவர்களுக்கே எழுதித் தருவார்கள், பூட்டிக் கிடந்தால் கிடையாது என்று பேச்சு. மூன்றாவது வீட்டுக் கொர்னேலியஸ் அண்ணன், மகனோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று மூன்று மாதம் போனார். திரும்பி வந்தால் அவர் கதவில் வேறு யாருடைய பூட்டோ தொங்கியது.

அன்றிலிருந்து லைனில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்த மாதிரி, ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வீட்டில் இருப்பார்கள். ஜெயசீலி வீட்டில் மூன்று ஷிஃப்டும் அவளேதான். புருஷன் சைலஸுக்கு பெங்களூரில் வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் வருவான்.

மோசமான புருஷன் என்று சொல்லிவிட முடியாது. முந்தின வருஷம்தான் பின்சுவரை இடித்து அவளுக்காக ஒரு பாத்ரூம் கட்டிக் கொடுத்தான். கம்பெனி வீட்டில் ஓர் ஆணி அடிக்கவே மற்றவர்கள் பயப்படுவார்கள். இவன் மட்டும், "எவன் வந்து கேக்கப் போறான்?" என்று கடப்பாரையை எடுத்தான்.

ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பத்து நிமிஷ நடைதான். பஸ்காரன் அடிக்கிற ஹாரன் இவள் அடுப்படி வரைக்கும் கேட்கும். கேட்டு என்ன பிரயோஜனம்? ஒரே மகள் நிக்கோலின் கல்யாணத்துக்கே, பெங்களூர் சர்ச்சில் தாலி ஏறிய கையோடு, விருந்துக்கும் நிற்காமல் பஸ் ஏறி ஓடி வந்தவள் அவள். அந்த அரை நாள் மட்டும் வெங்கடம்மா வந்து உட்கார்ந்திருந்தாள். இந்த வாரம் அவளும் தன் வீட்டை விட்டு நகர முடியாது.

இன்றைக்கு நிக்கோலுக்கு பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். காலையில் போன் செய்து அழுதாள்.

"ஒரு மணிக்கு உள்ள கூட்டினு போறாங்கம்மா. அதுக்கு முன்னாடி உன்ன ஒரு தரம் பாக்கணும். பயமா கீது."

பெண்ணிடமிருந்து சைலஸ் போனை வாங்கினான். "நான்தான் இங்க கீறேன் இல்ல? நீ வந்து இன்னா பண்ணப் போற? இந்த வாரம் கணக்கெடுக்க வராங்களாம். இத்தினி வருஷம் காத்துகினு இருந்துட்டு இன்னிக்குக் கோட்ட உட்டுடாத சீலி."

சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். மனசு கேட்கவில்லை. வீடாவது மண்ணாவது என்று பெட்டிக்கு அடியில் கிடந்த பூட்டைத் தேடி எடுத்தாள். பத்து மணி பஸ்ஸைப் பிடித்தால் மகளைப் பார்த்துவிடலாம். அப்போதுதான் இந்த ஆள் வந்து தொலைத்தான்.

அவனுக்கு ஓர் அவசரமும் இல்லை. ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தான், இன்னொரு வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தான். ஜெயசீலி பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வாசலிலேயே நின்றாள். ஏசப்பா, சீக்கிரம் இங்கே வரட்டும், கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். மணி ஒன்பதே முக்கால்.

பக்கத்து வீட்டை முடித்துக்கொண்டு வெளியே வந்தான். இவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்குப் போனான்.

ஜெயசீலிக்குப் பகீரென்றது. செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். "சார், எங்க வீட்ட உட்டுட்டீங்க."

"நம்பர் இன்னாம்மா?"

"நூத்தி நாப்பத்தி மூணு. சைலஸ்னு பேரு."

அவன் தாள்களைப் புரட்டினான். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினான். "உங்க நம்பர் இந்த லிஸ்ட்லயே இல்லம்மா."

பூட்டைக் கையில் எடுத்த பாவம்தான் உடனே பலித்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. "நல்லா பாருங்க சார். கல்யாணமாகி வந்ததுல இருந்து நான் இங்கதான் கீறேன். ஒரு நாள்கூட இந்தக் கதவப் பூட்டுனதில்ல. வேணும்னா இந்த அக்காவக் கேளுங்க."

"ஆமா சார், கடைக்குக்கூடப் போவாது அது," என்றாள் வெங்கடம்மா.

பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. பத்து மணி பஸ் கிளம்பிப் போகிற சத்தம். ஜெயசீலி அந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்த ஆளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் பைக்குள்ளிருந்து பழுப்பேறிய வேறொரு ஃபைலை எடுத்தான். ஒரு தாளில் விரலை வைத்துக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"இன்னும் பத்திரம் ஆகாத வீடுங்களுக்குத்தான் நான் வந்துகிறேன். ஆபீசுக்கே வந்து மனு குடுத்தவங்களுக்கு எல்லாம் அப்பவே குடுத்தாச்சு."

"எங்களுக்கு யாரும் குடுக்கலயே சார்."

"உங்க வீட்டுக்காரரு கையெழுத்துப் போட்டுப் பத்திரத்த வாங்கினு போயி மூணு வருஷமாச்சேம்மா."