பாதி சவரம்

அருள்தாசின் வலது கன்னம் மழுமழுவென்று இருந்தது. இடது கன்னத்தில் நுரை காய்ந்து செதில்விட்டிருந்தது. பிட்காயினில் சவரம் செய்துகொண்ட முதல் ஆள் தானாக இருக்க வேண்டும் என்று, சலூன்காரர் குப்புராஜின் போனில் அவனே வாலட்டை ஏற்றி, பணத்தையும் அனுப்பியிருந்தான். இப்போது பாதி முகத்தோடு ஒரு படம், பணம் உறுதியானதும் முழு முகத்தோடு இன்னொன்று என்று இணையக் குழுமத்தில் அறிவித்தும்விட்டான். பிட்காயினை அனுப்பக் கட்டணம் எதற்கு என்று அங்கே நாள்தோறும் சண்டை போடுகிறவன் அவன். அதனால் கட்டணத்தைப் பூஜ்ஜியமாக வைத்தே அனுப்பியிருந்தான். கூலி இல்லாத அந்தப் பணத்தைச் சரிபார்த்து உறுதி செய்ய உலகத்தில் ஒருவருக்கும் அவசரமில்லை. "ரூவாயாவே குடுத்துட்டுக் கெளம்புங் தம்பி," என்று குப்புராஜ் சொல்லிக்கொண்டே இருந்தார். "வரும்ணா," என்று அவனும் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் அம்மா போனில் கத்தினாள். "பொண்ணு பாக்கப் போறதுக்கு எல்லாரும் வேன்ல ஏறியாச்சுடா!" அருள்தாஸ் எழுந்து, சட்டைப்பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினான். குப்புராஜ் வாங்கவில்லை. குழுமத்தில் யாரோ ஒரு ஃபின்லாந்துக்காரன் சலூன்காரரின் பெயரைக் கேட்டிருந்ததையும், இவன் பதில் போட்டதையும் அவர் இவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்திருந்தார். அந்தத் தோளை அழுத்தி அவனை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தார். "என்ற பேரையும் போட்டுட்டீங்கல்லொ. அந்தக் காசே வரட்டும், உக்காருங்." பிறகு இடது கன்னத்தில் தண்ணீரைத் தெளித்து, புதிதாக நுரை போடத் தொடங்கினார்.