தெரியாத பாகம்

போன் கண் விழிப்பதற்காக நானும் அக்காவும் காத்திருந்தோம்.

கறுப்புத் திரையின் நடுவில் கம்பெனியின் வெள்ளைச் சின்னம் மெல்ல எழும்பி வந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம்.

சாயங்கால வெயில் கடைக்குள் சாய்ந்து விழுந்து, மேசையில் நான் வரிசையாக வைத்திருந்த திருகாணிகள் மேல் நின்றது. ஒவ்வொன்றும் கடுகைவிடச் சிறியது. அக்கா சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். மின்விசிறியும் அவளும் ஒரே தாளத்தில் சுற்றுவதுபோல இருந்தது. எனக்குக் கண் சொக்கியது.

அக்கா வாடகைக் கார் ஓட்டுகிறாள். மத்தியானம் பெட்ரோல் போட இறங்கும்போது போன் கைதவறிக் குப்புற விழுந்து திரை சுக்குநூறாகிவிட்டது. சவாரி கொடுக்கும் செயலி அந்தப் போனில் அவள் முகத்தைப் பார்த்தால்தான் திறக்கும். கம்பெனியின் சொந்தக் கடையில் சரிபண்ண மூன்று வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் வண்டி சும்மா நின்றால், வண்டியின் சொந்தக்காரர் அதைத் தூக்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

போன் பழுது பார்ப்பது என் தொழில். திரைக்கு நான் எங்கேயும் அலையவில்லை. என் சொந்தப் போனைக் கழற்றினேன். அதே மாடல், ஒரே கடையில் ஒரே நாளில் நாங்கள் ஜோடியாக வாங்கியது. பத்துப் பொருத்தமும் பக்கா.

மாட்டினேன். திரை ஒளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது.

தெரியாத பாகம். இது இந்தப் போனுக்கு உரியது அல்ல. முகம் பார்க்கும் வசதி நிறுத்தப்படுகிறது.

எனக்கு வந்ததே கோபம்! அவர்களே செய்த திரை, அவர்களுக்கே தெரியாதாம். அவர்கள் ஆள், அவர்கள் கடையில், அவர்கள் கணினியில் தட்டிச் சொன்னால்தான் தெரியுமாம். காசு கொடுத்து வாங்கினவள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். போனைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"இன்னொரு தடவை பாரு, வாலு. ஆறு மணிக்குள்ள முடிச்சிரு" என்றாள் அக்கா.

வாலு நான்தான். முப்பத்தாறு வயதாகியும் வாலுதான்.

உடைந்த திரையின் ஓரத்தில் சிப் என்கிற எள்ளளவு மின்சில்லு ஒன்று இருக்கும். அதை வைத்துத்தான் போன் தன் திரையை அடையாளம் காண்கிறது. அதைச் சூடுகாட்டிப் பெயர்த்து, என் திரையில் இருந்ததை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை உட்கார வைத்தேன்.

நுண்ணோக்கிக்குள் போய்விட்டால் எனக்கு நேரம் தெரியாது. அங்கே பச்சைத் தரையில் தங்கக் கோடுகள் தெருத்தெருவாக ஓடும். மூச்சு பட்டால்கூடச் சில்லு பறந்துவிடும். என்னையும் ஒரு நாள் யாரோ மேலே விளக்கைப் போட்டு இப்படித்தான் குனிந்து பார்த்திருப்பார்கள் என்று தோன்றும். எப்போதும் வருகிற நினைப்புதான். வரும், போய்விடும்.

இப்போது காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அறிவிப்பு வருவதென்றால் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும்.

ஐந்து நிமிடம் ஆனது. வரவில்லை.

எட்டு.

அக்கா நாற்காலியை நிறுத்தினாள். வெயில் திருகாணிகளை விட்டு நகர்ந்து என் கைமேல் ஏறியது. வெளியே ஒரு வண்டிக்காரன் ஒலிப்பானை அடித்தது எங்கேயோ தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோலக் கேட்டது.

போன் அதிர்ந்தது.

போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அக்கா தன் பையைத் துழாவும் சத்தம் கேட்டது. இவள் இப்போது எதைத் தேடுகிறாள் என்று கண்ணைத் திறந்தேன். திரையில் அறிவிப்பு எதுவும் இல்லை. ஆறு மணி அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. அதில் அவள் எழுதி வைத்திருந்தது இரண்டே சொல்: வாலு, மாத்திரை.

காலை ஆறு, மாலை ஆறு. எந்தச் சாலையில் இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு என்னைக் கூப்பிடுவாள். போட்டியா என்பாள். போட்டாச்சு என்றதும் வைத்துவிடுவாள். எட்டு வருடமாக ஒரு வேளைகூடத் தப்பியதில்லை.

இன்றைக்கு நேரிலேயே மாத்திரையைக் கையில் வைத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். விழுங்கினேன்.

அதை நிறுத்தினால் என் உடம்பும் இதே அறிவிப்பைப் போட்டுவிடும். எட்டு வருடமாக என் வலது அடிவயிற்றில் வேலை செய்துகொண்டிருப்பது அக்காவின் சிறுநீரகம்.

"உன் ஒடம்பே ஒத்துக்கிச்சு. இதுக்கு மட்டும் என்ன கொம்பா மொளைச்சிருக்கு?" என்று சொல்லிவிட்டு, அக்கா போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

செயலி திறந்தது. அடுத்த நிமிடமே ஒரு சவாரி வந்தது. எனக்குத் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு ஓடினாள்.

கார் கிளம்பும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. மேசையில் என் போன் முகம் இல்லாமல் கிடந்தது. நாளைக் காலையில் அதில் என்னைக் கூப்பிட முடியாது. ஆறு மணிக்கு வந்து வீட்டுக் கதவைத்தான் தட்டுவாள். தட்டட்டும்.

இத்தனை வருடத்தில் நான் அக்காவுக்குக் கொடுத்த முதல் பாகம் அது.