நாலு கல்

“இன்னிக்கும் நாலு கல்லு, ரேமண்ட்! என் கண்ணால பார்த்தேன்.”

ஜன்னலோரம் நின்றபடி ஐரீன் கிசுகிசுத்தாள். பசார் சந்தையில் சோற்றுக்கடை நடத்தும் பக்கத்து வீட்டு ரொஸ்னாக்கா, சாமான் இழுத்துப் போகும் சக்கரப் பையை மூடிக்கொண்டு, காலைத் தூறலில் பின்சந்து வழியாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார்.

ரேமண்ட் போர்வைக்குள்ளிருந்தே கேட்டார். “கனவு கண்டியாலா?”

புருஷன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஐரீன் ஒரு வருடமாகக் கனவில்தான் இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் இருந்தது வெறும் புல். அவள் கண்ணுக்கு மட்டும் அங்கே வளைந்த கூரையோடு ஒரு ரொட்டி அடுப்பு தெரியும். ஆபீஸ் மேசையில் உட்கார்ந்தபடியே வெந்த ரொட்டி வாசனையை முகர்ந்துவிட்டுத் தானாகச் சிரித்துக்கொள்வாள்.

அடுப்புக்கு ஃபயர் பிரிக் வேண்டும், நெருப்பைத் தாங்குகிற கல். ஜார்ஜ் டவுனில் அவள் ஏறி இறங்காத ஹார்ட்வேர் கடை இல்லை. எல்லோரும் சிவப்புச் செங்கல்லைக் காட்டி, “இதுவும் கல்லுதானே அக்கா?” என்றார்கள். கடைசியில் சுங்கை பாக்காப்பில் ஒரு பழைய சாமான் கிடங்கில் கிடைத்தது. எஸ்டேட் கொதிகலனைப் பிரித்தெடுத்த கற்கள். அங்கே இருந்ததே எண்பதுதான். கொத்தனார் சுகுமாரன் கேட்டதும் எண்பதுதான். ரேமண்டின் கெரெத்தா, அந்தச் சின்னக் கார், தரையை உரச உரச, இரண்டு நடையில் வந்து சேர்ந்தன. பின்சந்துச் சுவரோரம் அடுக்கி, கான்வாஸ் போட்டு மூடினாள்.

போன மாதம் ஒரு பெரிய மழை. ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் கான்வாஸ் பறந்துபோய்க் கிடந்தது. திரும்ப மூடிவிட்டு உள்ளே வந்தவுடன் வாசலில் தட்டும் சத்தம். எட்டிப் பார்த்தாள். ரொஸ்னாக்கா!

அடுப்புப் பேச்சு எடுத்த அன்றே, “புகையெல்லாம் என் துணியிலதான் வந்து ஒட்டும்” என்று சண்டை பிடித்தவர். மறுபடியும் அதே பாட்டாகத்தான் இருக்கும். ஐரீன் கதவைத் திறக்கவில்லை. டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

இப்போது கல்லே போகிறது.

“நான் அடுப்பு கட்டக் கூடாதுன்னுதான் திருடுறாங்க. மூணு நாளா நாலு நாலா எடுத்துட்டுப் போறாங்க. அறுபத்தெட்டுதான் மிச்சம் இருக்கும்.”

ரேமண்ட் போய் எண்ணிவிட்டு வந்தார். “எழுபத்தாறு இருக்கே?”

“நீங்க எப்பவும் கணக்குல வீக்!”

நாளைக்குக் கொத்தனார் வருகிறார். குறைகிற கல்லுக்கு எங்கே போவது? ஐரீனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, பின்கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கண் அசந்தது. கனவில் ரொட்டி உப்பி வந்துகொண்டிருந்தது.

மத்தியானம் கடகடவென்று சக்கரச் சத்தம் கேட்டு விழித்தாள்.

“நில்லுங்கக்கா! பையில என்ன?”

ரொஸ்னாக்கா நின்றார். ஐரீனே பையைத் திறந்தாள். பழைய சாரோங்கில் சுற்றிய நாலு கல்.

“வெக்கமா இல்ல உங்களுக்கு?” என்று ஒரு கல்லை வெடுக்கென்று எடுத்தாள்.

கல் சூடாக இருந்தது. அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரி.

“பார்த்து, சுடும்,” என்றார் ரொஸ்னாக்கா. “இது கடைசி நாலு. மேல காஞ்சாலும் இந்தக் கல்லு உள்ளுக்குள்ள தண்ணியக் குடிச்சு வெச்சிருக்கும். அப்படியே நெருப்பு வெச்சா வெடிச்சிரும்லா. எங்க கடை அடுப்பு வெடிச்சதுதான் இது.” முழங்கை வரை ஓடிய தழும்பைக் காட்டினார். “அதான் தினம் நாலு கல்ல கடைக்கு இழுத்துட்டுப் போய், சோறு ஆக்கினப்புறம் தணல் பக்கத்துல காய வெச்சு, மத்தியானம் திரும்பக் கொண்டாந்து அடுக்கினேன்.”

எண்பது கல். தினம் நாலு. ஐரீன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருபது நாள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா?” என்றாள்.

ரொஸ்னாக்கா கற்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கின் மேல் வைத்தார்.

“சொல்லத்தான் அன்னிக்கு மழையில வந்தேன். உன் வீட்டு டிவிதான் ரொம்பச் சத்தமா ஓடுச்சு.”