கோமதியின் சம்மதம்

மிருகக்காட்சிசாலையில் இருபத்தாறு வருஷம் யானைப் பாகனாக இருந்து ஓய்வுபெற்ற மாசிலாமணி, எட்டு வயதுப் பேரன் நிலனையும் நாலு வயதுப் பேத்தி மகிழினியையும் தான் பார்த்துக்கொண்ட கோமதி யானையைக் காட்டக் கூட்டிப்போனார். "என்னைக் கண்டா ஓடி வரும், பாருங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போதெல்லாம் மிருகத்தின் சம்மதம் இல்லாமல் யாரும் அதன் கொட்டகைக்குள் நுழைய முடியாது. வாசலில் இருந்த பெண் மூவரின் கைக்குட்டைகளையும் உள்ளே அனுப்பினாள். கோமதி அவற்றை மோந்து பார்த்துச் சொன்ன பதில், மனிதர் பேச்சாக மாற்றப்பட்டு, வாசல் திரையில் வந்தது: பிள்ளைகள் வரலாம், பெரியவர் வேண்டாம்.

"வயசான யானை. மறந்திருக்கும் ஐயா" என்றாள் அந்தப் பெண்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மாசிலாமணிக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. "இல்லம்மா, அதுக்கு நல்லாவே ஞாபகம் இருக்கு" என்றார்.

"என்ன தாத்தா பண்ணீங்க?" என்று நிலன் கேட்டான்.

"அங்குசத்தால குத்துவேன்பா. சொன்ன பேச்சைக் கேக்கலைன்னு. சில நாள் காரணமே இருக்காது."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நிலன் தலை குனிந்துகொண்டான். மகிழினி மட்டும் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தக் கையால தாத்தா?"

அவள் பிடித்திருந்த தன் வலது கையை அவர் பார்த்தார். "இந்தக் கையாலதாம்மா."

மகிழினி கையை விட்டுவிட்டாள். பிறகு அவரைச் சுற்றி வந்து, மறுபக்கம் நின்று, இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.