வரிசையில் நின்றவன்

கிஸ்போர்னில் ஞாயிறு மதிய விருந்து. மகள் மெரேனா கட்டிக்கொள்ள ஆசைப்படும் போலீஸ்காரன் ரவிரியை நைரி குடைந்துகொண்டிருந்தாள்.

"பெப்பர் ஸ்பிரே அடிச்சு நீ பார்த்திருக்கியா?"

"ஒருத்தன் மூஞ்சியில அடிச்சப்ப அங்கதான் இருந்தேன், ஆன்ட்டி."

"துடிச்சானா?"

"அம்மான்னு அலறிக்கிட்டே ஓடி, வேலியில முட்டிக்கிட்டான்."

"அப்படி என்ன தப்பு பண்ணான்?"

"ஒண்ணுமில்ல. வரிசையில சும்மா நின்னான்."

"அடப்பாவிங்களா! நீ தடுக்கலையா?"

"தைரியம் வரலை."

நைரி குமரா கிழங்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் கும்பல்ல இருக்கிறவனா எனக்கு மருமகன்? பாவம், அந்தப் பையன் இப்ப எங்கே?"

"உங்க எதிர்லதான் உக்காந்திருக்கான். பயிற்சியில எங்க எல்லாருக்கும் ஒரு தடவை அடிப்பாங்க, ஆன்ட்டி. வேலியில முட்டினது மட்டும் நான் ஒருத்தன்தான். அந்தக் கிழங்கைக் கொஞ்சம் இப்படித் தள்ளுறீங்களா?"